வெறும் வயித்துல ஒண்ணு

உங்க அம்மா ஒண்ணு சொல்வாங்களே மச்சான், உங்க தங்கச்சியைப் பத்தி? கல்யாணத்தப்போ என்னைத் தனியா கூப்பிட்டு சொன்னாங்க. இவளுக்குப் பசிச்சா வாயைத் திறந்து கேட்டுடுவா மாப்ளே, ஆனா வலிச்சா... வலிச்சா என்னமோ பண்ணுவான்னாங்க. பாத்திரம் தேய்ப்பான்னாங்களா, வீடு பெருக்குவான்னாங்களா, அந்தப் பாதி மட்டும் நெனவுக்கே வரமாட்டேங்குது. ரெண்டு நாளா இதே பெஞ்சுல உக்காந்து யோசிச்சுப் பாத்துட்டேன்.

உங்களுக்கும் ஞாபகம் இல்லையா. சரி, விடுங்க. முதல்ல உக்காருங்க. பையைக் கீழயே வைக்கலாம், இப்பதான் தரை துடைச்சுட்டுப் போனாங்க. காலையில கொஞ்ச நேரம் விட்டாங்க, இனி நாலு மணிக்குத்தான் கதவைத் திறப்பாங்க. அந்த செக்யூரிட்டிகிட்ட கெஞ்சிப் பிரயோஜனமில்ல, நான் ரெண்டு நாளா கெஞ்சிட்டேன். என்னைப் பாத்தாலே இப்ப அவரே கடிகாரத்தைக் கை காட்டறாரு. காலையிலேர்ந்து பஸ்ல உக்காந்து வந்திருக்கீங்க, கீழ கேன்டீன்ல பன்னும் டீயும் இருக்கு. வேண்டாமா. நானும் இன்னும் ஒண்ணும் சாப்பிடல.

இப்ப பரவாயில்ல. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்காங்க. முந்தாநாள் கொண்டுவந்தப்போ உதடு வெள்ளைத்தாள் மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு லேசா நெறம் வந்திருக்கு. பேசறா. காலையில என்னைப் பாத்து, சட்டையை மாத்திக்கிட்டு வரக்கூடாதான்னு கேட்டா. அந்த அளவுக்குத் தேறியிருக்கா.

மச்சான், ஒண்ணே ஒண்ணு. உள்ள போனதும் அவளைத் திட்டாதீங்க.

தெரியும். நான்தான் உங்களுக்குப் போன் போட்டேன். உங்க தங்கச்சி நாக்கை அடக்க மாட்டேங்கிறா, எனக்குத் தெரியாம எதையோ வாங்கிச் சாப்பிடறா, அண்ணன்ங்கற முறையில ஒரு வார்த்தை கண்டிச்சு வைங்கன்னு சொன்னவனே நான்தான். நீங்களும் கண்டிச்சீங்க. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தா. இப்பவும் நீங்க அதே கோவத்தோடதான் வந்திருக்கீங்க, படியேறி வர்றப்பவே தெரிஞ்சுது. இருங்க. முக்கா மணி நேரம் இருக்கு. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் யாரைத் திட்டணுமோ திட்டுங்க.

அல்சர்னு தெரிஞ்சு ஒன்றரை வருஷம் ஆகுது. உங்களுக்கு அப்பவே சொன்னேன்ல. குழாய் விட்டுப் பாத்தாங்க, கிருமி இருக்குன்னு ரெண்டு வாரத்துக்கு மருந்து குடுத்தாங்க. அதுக்கப்புறம் தினம் காலையில வெறும் வயித்துல ஒரு வயித்து மாத்திரை, அரை மணி கழிச்சு சாப்பாடு. நேரம் தவறக்கூடாது, பட்டினி கிடக்கக்கூடாது, காரம் கம்மி. முக்கியமா, தலைவலிக்குக்கூட வலி மாத்திரை பக்கம் போகக்கூடாது, அது புண்ணை இன்னும் தோண்டிடும்னாரு டாக்டர். மிச்சத்தை வீட்டுல பாத்துக்கங்கன்னாரு. அதை என்னைப் பாத்துதான் சொன்னாரு. நோயாளி அவ, ஆனா என்னைப் பாத்துச் சொன்னாரு. அதுல எனக்கு ஒரு பெருமை, வெச்சுக்கங்களேன்.

நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னுதான் உங்களுக்குத் தெரியுமே. இருபத்தாறு வருஷம் டெப்போ ஸ்டோர்ல இருக்கேன். நட்டு, போல்ட்டு, வாஷர், பேரிங்னு நாலாயிரத்துச் சொச்சம் ஐட்டம். மெக்கானிக் வந்து கவுன்டர்ல நம்பரைச் சொன்னா, நான் திரும்பிப் பாக்காமலேயே கையை விட்டு எடுப்பேன். இத்தனை வருஷத்துல ஒரு பஸ்ஸுக்குத் தப்பான சாமான் என் கையால போனதில்ல. அப்படிப்பட்டவன்கிட்ட ஒரே ஒரு வயித்தைக் குடுத்து பாத்துக்கோன்னா எப்படி இருக்கும்? ஃப்ரிட்ஜ் கதவுல அட்டவணை ஒட்டினேன். ஏழு மணி மாத்திரை. ஏழரை கஞ்சி. பத்துக்கு வாழைப்பழம். ஒண்ணுக்குக் குழைஞ்ச சோறும் வேகவெச்ச காயும், டப்பாவுல. நாலரைக்கு ரொட்டி ரெண்டு துண்டு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல கட்டம். சாப்பிட்டா டிக் போடணும்.

சிரிக்காதீங்க. அவளும் இப்படித்தான் சிரிப்பா. ஸ்டோர் கீப்பர் சார், ஒரு பழம் இஷ்யூ பண்றீங்களான்னு கேப்பா. ஒருநாள் நிஜமாவே, சாமான் கேட்டு எழுதற என் இண்டென்ட் புக்குல தாளைக் கிழிச்சு, ஐட்டம்: வாழைப்பழம், எண்ணிக்கை: ஒண்ணு, காரணம்: பசின்னு எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினா. நானும் சளைக்காம, ஸ்டாக் இல்லைன்னு எழுதித் திருப்பிக் குடுத்தேன்.

வீட்டு வைத்தியம் வேற. பக்கத்து வீட்டு டீச்சரம்மா சொன்னாங்கன்னு ரெண்டு மணிக்கொரு தடவை ஆறின பால் குடுத்தேன். டாக்டர் கேட்டுட்டு, பால் குடிச்ச நேரத்துக்கு இதமா இருக்கும், அப்புறம் அமிலம் கூடத்தான் சுரக்கும், நிறுத்துங்கன்னாரு. அப்புறம் முட்டைக்கோஸ் சாறு. மூணு நாள் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சா. நாலாவது நாள் ஜன்னல் ஓரத்துப் பூந்தொட்டியில ஊத்திட்டா. அந்தச் செடியும் ஒரு வாரத்துல போயிடுச்சு. நல்லவேளை நான் தப்பிச்சேன், பாவம் அதுக்கு வாய் இல்ல, சொல்லத் தெரியலன்னா.

ஆனா மருந்து கேட்டுச்சு மச்சான், அதுதான் விஷயம். ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பக் குழாய் விட்டுப் பாத்தப்போ புண்ணு கால்வாசிகூட இல்ல. டாக்டர் எனக்குக் கை குடுத்தாரு. இன்னும் ஆறேழு மாசம் மாத்திரையை விடாம குடுங்க, முழுசா ஆறிடும்னாரு. அன்னைக்கு நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவ பஸ்ல போலாம்னா, நான் கேக்கல. அப்படி ஒரு சந்தோஷம்.

மாத்திரையா? ஒருநாள்கூட விட்டதில்ல. அதுக்குன்னே ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேன். அந்த அட்டையிலேர்ந்து பிதுக்கி எடுக்கறது அவளுக்குச் சிரமம். யூனிஃபார்ம் தைக்கிற எடத்துல நாள் பூரா பட்டன் ஓட்டை போடற காஜா மெஷின்ல உக்காந்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்க் கெடக்கு. எனக்கும் பாதி கிழிஞ்ச அட்டை அங்கங்க கெடந்தா பிடிக்காது. டெப்போவுல பல்பு வைக்கிற சின்ன ராக்கு ஒண்ணைக் கழிச்சுப் போட்டாங்க, அதைக் கேட்டு வாங்கிட்டு வந்து கழுவி பெயின்ட் அடிச்சேன். ரெண்டு அறை. ரெண்டு பக்கமும் தொறப்பு. அடிப்பலகை முன்பக்கமா சாய்வா இருக்கும். மாத்திரையைப் பிதுக்கிப் பின்னாடி நின்னு கொட்டினா, முன்னாடி வந்து நிக்கும். எங்க ஸ்டோர்ல எல்லாமே அப்படித்தான், பின்னாடி நிரப்பு, முன்னாடி எடு. அப்பதான் பழசு முதல்ல வெளிய போகும், எதுவும் உள்ளயே கெடந்து வீணாகாது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவுல அரைச்சுவர் இருக்குல்ல, அது மேல வெச்சேன். சமையலறைப் பக்கம் முன்பக்கம், ஹால் பக்கம் பின்பக்கம். இடது அறைக்குக் கீழ வயிறுன்னு எழுதி ஒட்டினேன், வலது அறைக்குக் கீழ முட்டின்னு.

முட்டி என்னுது. ஏணியில ஏறி ஏறித் தேஞ்சுபோச்சு. அதுக்கு வலி மாத்திரை, காலையில சாப்பிட்டப்புறம் ஒண்ணு.

பத்து வாரத்துக்கு முன்னாடிதான் அவளுக்குத் திரும்ப ஆரம்பிச்சுது. பதினோரு மணி வாக்குல எரியுதுன்னா. நான் முதல்ல கேட்டது, என்ன சாப்பிட்டேன்னு. ஒண்ணும் இல்லைங்கன்னா. ஒண்ணும் இல்லாம எப்படி எரியும்னேன். அட்டவணையைப் பாத்தா எல்லா கட்டத்துலயும் டிக்கு. மாத்திரையை நானே தினம் எடுத்துக் கையில குடுக்கறேன். சமையல் நான் பண்றேன். அப்ப தப்பு எங்கேர்ந்து வரும்? எங்க கண்ணுக்குத் தெரியலையோ அங்கேர்ந்துதான் வரணும். அவ வேலை செய்யற எடத்துலேர்ந்து.

சாயங்காலம் ரொம்ப வலிக்குதுன்னா வயித்து மாத்திரை இன்னொண்ணு எடுத்துக் குடுப்பேன். அவசரத்துக்கு ரெண்டு வேளை போட்டுக்கலாம்னு டாக்டரே சொல்லியிருந்தாரு. அரை மணியில கொஞ்சம் அடங்கும். பாத்தியா, மாத்திரையில ஒரு கோளாறும் இல்ல, உன் வாயிலதான் கோளாறுன்னு சொல்வேன். அவ எழுந்திரிச்சுப் போய் ஏதாவது வேலை பாக்க ஆரம்பிச்சுடுவா.

ஒருநாள் அவ குளிக்கப் போயிருந்தப்போ பையைத் துழாவினேன். ஆமா, துழாவினேன். ஸ்டோர்ல வெளிய போறவங்க பையைப் பாக்கறது எங்களுக்குப் பழக்கம்தானே. ஒரு காகிதப் பொட்டலம், எண்ணெய்க் கறை, உள்ள வறுத்த கடலை நாலஞ்சு. கொண்டுபோய் அரைச்சுவர் மேல வெச்சேன். அவ தலையைத் துவட்டிக்கிட்டே வந்தவ அதைப் பாத்துட்டு அப்படியே நின்னா. பக்கத்து மெஷின் அக்கா குடுத்துச்சு, ரெண்டு வாய்தான் போட்டேன்னா. ரெண்டு வாயா, நாலு வாயா, எத்தனை நாளான்னு விசாரணை வெச்சேன். எனக்காகவா நான் இவ்ளோ பாடு படறேன், உனக்கு உன் வயித்து மேலயே அக்கறை இல்லையேன்னு கத்தினேன். அன்னைக்குத்தான் உங்களுக்குப் போன் பண்ணினது.

அதுக்கப்புறம் என்ன பண்ணியிருக்கா தெரியுமா? மதியம் சாப்பிடறதையே நிறுத்திட்டா. அந்த மெஷின்காரம்மாதான் முந்தாநாள் சொல்லிச்சு. என்னைப் பாத்து நல்லா நறுக்குன்னு கேட்டுச்சு. எதைச் சாப்பிட்டாலும் வீட்டுல சந்தேகப்படறாங்க, எதுவுமே சாப்பிடலன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லன்னு சொல்லிட்டு, டப்பாவை அந்தம்மாகிட்டயே குடுத்துடுவாளாம். அட்டவணையில டிக் மட்டும் போட்டுடுவா. மலம் கறுப்பா போயிருக்கு, ஒரு வாரமா. அதையும் சொல்லல. சொன்னா என்ன சாப்பிட்டேன்னுதானே நான் கேட்டிருப்பேன். முந்தாநாள் பதினொண்ணரைக்கு மெஷின் மேலயே சாஞ்சிருக்கா. ரத்த வாந்தி. தைச்சு வெச்ச வெள்ளைச் சட்டை மேலயெல்லாம்.

தண்ணி குடிக்கறீங்களா? இந்தாங்க.

இங்க கொண்டுவந்ததும் டாக்டர் முதல்ல கேட்ட கேள்வி, வலி மாத்திரை ஏதாவது எடுத்தாங்களான்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா. சார், தலைவலிக்குக்கூட தைலம்தான் தேய்ச்சு விடுவேன், ஒரு வலி மாத்திரை அவ பக்கத்துல அண்ட விட்டதில்லன்னேன். நெஞ்சை நிமித்திக்கிட்டு. வயித்து மாத்திரை ஒழுங்கா போச்சான்னாரு. ஒருநாள் தவறல சார், என் கையால குடுத்தேன்னேன். அவரு நெத்தியைச் சுருக்கிக்கிட்டாரு. ஆறிக்கிட்டு வந்த புண்ணு, மருந்தும் ஒழுங்கா போகுது, அப்படியிருந்தும் இவ்ளோ பெருசாகியிருக்குன்னா, இது வெறும் அல்சர்தானான்னு யோசிக்கணும்னாரு. குழாய் வழியா ரத்தத்தை நிறுத்தியிருக்காங்க. நாளைக்குக் காலையில பெரிய சர்ஜன் வர்றாரு. வயித்தைத் திறந்து அந்தப் பகுதியையே எடுத்துடறதான்னு முடிவு பண்ணப்போறாங்க. நீங்க வந்தது நல்லதுதான், கையெழுத்துப் போட இன்னொரு ஆளு இருந்தா நல்லதுன்னாங்க.

ஆமா. நாளைக்குக் காலையில. நான் போன்ல சொல்லல, நீங்க பஸ்ல தனியா வர்றீங்களேன்னு.

எதுக்கும் இருக்கட்டும், வீட்டுல இருக்கிற மாத்திரையெல்லாம் கொண்டுவந்து காட்டுங்கன்னு நேத்து சொன்னாரு. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அட்டையெல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயாச்சு. முன்பக்கமா நின்னு ரெண்டு அறையிலேர்ந்தும் அஞ்சஞ்சு எடுத்து, ரெண்டு கவர்ல போட்டு, மேல வயிறு, முட்டின்னு எழுதி எடுத்துட்டு வந்தேன். மாடிக்கு வர்றதுக்கு முன்னாடி கீழ மருந்துக்கடையில மாத்திரை பேரை எழுதி வாங்கிக்கலாம்னு போனேன். டாக்டர் பேர் கேட்டா சொல்லணுமே. கடையில ஒரு சின்னப் பொண்ணு. ஒரு மாத்திரையை எடுத்து விளக்குகிட்ட திருப்பி, மேல அச்சடிச்சிருக்கிற பொடி எழுத்தைப் படிச்சுச்சு. இன்னொரு கவர்லேர்ந்தும் ஒண்ணு எடுத்துப் படிச்சுச்சு. சார், கவரை மாத்தி எழுதிட்டீங்க போலயேன்னு சொல்லிட்டு, அதுல இருந்ததை இதுலயும் இதுல இருந்ததை அதுலயும் மாத்திப் போட்டுக் குடுத்துடுச்சு. அவ்ளோதான். தேங்க்ஸ்மான்னு சொல்லிட்டு வந்தேன்.

அவசரத்துல மாத்தி எழுதினேன்னுதான் நானும் ஒரு நிமிஷம் நெனைச்சேன். ரெண்டு படி ஏறினேன். மூணாவது படி ஏறல.

இல்ல மச்சான். கவர்ல சரியாத்தான் எழுதினேன்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திரை வாங்குவேன். முன்னாடி அவளோடது சிவப்பும் வெள்ளையுமா கேப்ஸ்யூல். என்னுது மஞ்சளா சின்ன வட்டம். பின்னாடி நின்னு நிரப்பறப்போ இடது வலது மாறும், அது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ஸ்டோர்ல அதுக்காகவே ராக்குக்குப் பின்பக்கமும் நம்பர் எழுதியிருப்போம். வீட்டுல எழுதல. ரெண்டே அறை, அதுக்கு எதுக்கு நம்பர்னு விட்டுட்டேன். கேப்ஸ்யூலா இருந்த வரைக்கும் கை மாறிக் கொட்டினாலும் எடுக்கறப்போ கண்ணு சொல்லிடும். பத்து வாரத்துக்கு முன்னாடி கடையில அந்தக் கம்பெனி இல்ல, வேற கம்பெனி குடுத்தாங்க. மருந்து அதேதான். அது மஞ்சள். சின்ன வட்டம். மேல வழவழன்னு பூச்சு. ரெண்டு அறையும் காலி, ஏன்னா நான் பழசு தீராம புதுசை நிரப்ப மாட்டேன், அது எங்க ஒழுங்கு. ஹால் பக்கம் நின்னேன். டெப்போலேர்ந்து போன், ஏதோ பேரிங் நம்பர் கேட்டாங்க. காதுல போனை இடுக்கிக்கிட்டு நம்பரைச் சொல்லிக்கிட்டே, வயித்து மாத்திரையை இடது கைப் பக்கம் கொட்டினேன். என் இடது கைப் பக்கம்.

அப்ப தினம் காலையில, வெறும் வயித்துல ஒண்ணு, என் கையால அவளுக்குக் குடுத்தது என் முட்டி மாத்திரை. வலிக்குதுன்னு அழுதப்போ சாயங்காலம் கூட ஒண்ணு குடுத்ததும் அதுதான். வலி மாத்திரை, அதான் அரை மணியில அடங்கிச்சு. நான் போட்டுக்கிட்டது அவளோடது. ரெண்டு மாசமா எனக்கு முட்டி தாங்க முடியல, வயசாயிடுச்சுன்னு நெனைச்சேன். வயிறு மட்டும் கல்லைத் தின்னாலும் செரிக்கற மாதிரி ஜம்முன்னு இருந்துச்சு. அவகிட்டயே பெருமை பேசினேன், பாத்தியா, ஒழுங்கா சாப்பிட்டா வயிறு எப்படி இருக்கும்னு.

இன்னும் இருக்கு. காலையில டாக்டர் வந்து, மாத்திரை கொண்டுவந்தீங்களான்னு கேட்டாரு. சட்டைப் பையில ரெண்டு கவரும் இருக்கு. மறந்துட்டேன் சார், நாளைக்குக் கொண்டுவர்றேன்னேன். அவ என்னையே பாத்துக்கிட்டு படுத்திருந்தா. அவரு போனதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. மன்னிச்சுடுங்க, கடலையை ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தடவை சாப்பிட்டேன், அதனாலதான் இவ்ளோ ஆயிடுச்சு, உங்களுக்கு எவ்ளோ சிரமம், அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, அண்ணன் கத்தும்னா.

நான் சரி விடுன்னு சொன்னேன் மச்சான். தலையைத் தடவிக்குடுத்தேன். மன்னிச்சுட்டேங்கற மாதிரி.

எதுவும் பேசாதீங்க இப்ப. அப்புறம் பேசுங்க, எவ்ளோ வேணா பேசுங்க. கதவைத் திறக்கறாங்க பாருங்க. இடது பக்கம் மூணாவது கட்டில். டாக்டர் இப்ப ரூம்லதான் இருக்காரு, அந்தக் கடைசிக் கதவு. ரெண்டு கவரையும் அவருகிட்ட குடுத்து நடந்ததைச் சொல்லிட்டு வர்றேன். அவகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே வந்து, உங்க முன்னாடியே சொல்றேன்.